24 எழுத்து கூடிப்போன வைரஸ்: ஆப்பிள் தோட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பூச்சியைக் கொல்லும் வைரஸை மருந்தாகத் தெளிப்பவர்கள் ரொம்ப காலம் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருந்தார்கள். ரசாயன மருந்துக்குப் பூச்சி பழகிவிடும், வைரஸுக்குப் பழகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆராய்ச்சிக்காரர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். 2000-களின் முதல் பாதியில் ஜெர்மனியின் ஆப்பிள் தோட்டங்களில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. வைரஸ் அடித்த தோட்டத்திலேயே பழத்துக்குள் புழு இருந்தது. அந்தப் புழுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வைரஸ் கலந்த தீனி கொடுத்துப் பார்த்தால், சாதாரணப் புழுவைக் கொல்லும் அளவைப்போல 1000 மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது.

ஏன் என்ற கேள்விக்குப் பதில் 2014-இல் வந்தது. அந்தப் பதில் வைரஸின் ஒரே ஒரு மரபணுவில், அதிலும் 24 டி.என்.ஏ. எழுத்தில் இருந்தது. அதை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. வைரஸ் ஜீனோம் (முழு டி.என்.ஏ. எழுத்து வரிசை) ஒப்பீடு என்று வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் வட்டப்படம் ஒன்று, மரப்படம் ஒன்று, நீளமான அட்டவணை ஒன்று போட்டு முடிந்துவிடும், படித்து முடித்தபின் 'சரி, அதனால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். இதில் கேள்வி முதலில் இருந்தது, ஒப்பீடு பிறகு வந்தது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

புழுவும் வைரஸும்

பூச்சியின் பெயர் கோட்லிங் அந்துப்பூச்சி, அறிவியல் பெயர் சிடியா பொமொனெல்லா. ஆப்பிளுக்குள் துளை போட்டு நடுவில் இருக்கும் விதை வரை போய்த் தின்னும் புழு இதுதான். தாய் அந்து இலையிலோ பழத்தின் மேலோ முட்டையிடும். பொரிந்த புழு, தலை மட்டும் கறுத்த சிறு நூல்துண்டு மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் அங்குமிங்கும் ஊர்ந்துவிட்டு ஒரு பழத்தைக் கடித்து உள்ளே போய்விடும். உள்ளே போனபின் எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது. ஆகவே வைரஸ் வேலை செய்ய வேண்டுமென்றால், பொரிந்ததற்கும் துளைத்து உள்ளே போவதற்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன இடைவெளியில் புழு அதைத் தின்றாக வேண்டும்.

வைரஸ் பேக்குலோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, அதில் கிரானுலோவைரஸ் வகை. நம் ஊரில் பச்சைக்காய்ப்புழுவுக்கும் புரொடீனியாவுக்கும் அடிக்கும் என்.பி.வி. என்ற வைரஸும் இதே குடும்பம்தான். என்.பி.வி.யில் ஒரு புரதப் பொதிக்குள் பல வைரஸ்கள் இருக்கும். கிரானுலோவைரஸில் அரை மைக்ரானுக்கும் சிறிய ஒரு பொதிக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸ். பொதி கிரானுலின் என்ற புரதத்தால் ஆனது. வெளியில் அது வைரஸைக் காக்கும், புழுவின் குடலில் இருக்கும் காரச்சாற்றில் கரைந்து வைரஸை வெளியே விடும். அப்புறம் வைரஸ் குடல் செல்லுக்குள் நுழைந்து அங்கிருந்து உடல் முழுக்கப் பரவும். புதிதாகப் பொரிந்த புழுவைக் கொல்ல ஒரு சில பொதிகள் போதும், அவ்வளவு கொடியது. ஆனாலும் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் ஒரு தெளிப்புக்கு ஹெக்டேருக்கு 10 லட்சம் கோடிப் பொதி என்ற கணக்கில் அடிக்கிறார்கள், ஒரு பருவத்தில் பல தடவை.

இந்த வைரஸ் முதலில் 1963-இல் மெக்சிகோவின் சிவாவா பகுதியில் செத்துக்கிடந்த புழுக்களில் கிடைத்தது. இதைத்தான் 'எம்' வகை என்பார்கள். 1980-களின் கடைசியிலிருந்து ஐரோப்பாவில் கடைக்கு வந்த சரக்குகள் எல்லாமே இந்த ஒரே வகையை வளர்த்துச் செய்தவைதான். பல பெயர், பல டப்பா, உள்ளே இருந்ததோ மரபணு அளவில் ஏறக்குறைய ஒரே வைரஸ். எனக்கு இந்தக் கதையின் முக்கியமான வரி இதுதான். பூச்சிகள் பழகிவிட்டன என்று பூச்சிமேல் பழி போடுவது சுலபம், ஆனால் ஒரே பூட்டை ஊர் முழுக்க மாட்டியவர்கள் நாம்.

2007-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இந்த எதிர்ப்புத்திறன் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது என்று காட்டியது. அந்துப்பூச்சிகளில் ஆணா பெண்ணா என்பதோடு சேர்ந்த குரோமோசோம்கள் இசட், டபிள்யூ என்று இரண்டு: ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. எதிர்ப்பு தரும் முக்கிய மரபணு இசட்டில் இருக்கிறது. பெண்ணிடம் ஒரே இசட் என்பதால், அதில் எதிர்ப்பு மரபணு வந்துவிட்டால் அவள் முழு எதிர்ப்புக்காரி. ஆணிடம் இரண்டில் ஒன்றில் மட்டும் இருந்தால் நிலைமை வைரஸின் அளவைப் பொறுத்தது: அளவு குறைவாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும், கூடினால் சாகும். தெளித்த மறுநாளிலிருந்தே வெயிலில் வைரஸ் குறைந்துகொண்டு வரும் தோட்டத்தில் இது யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மரபணு முழுவதும் நிலைத்துவிட்ட புழுக்களில் எதிர்ப்பு 1,00,000 மடங்கை நெருங்கியது. அதே கட்டுரை வைரஸ் ஒரே மாதிரியாக இருந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னது.

எந்த வைரஸ் இன்னும் கொல்கிறது?

அடுத்த வேலை மற்ற நாட்டு வைரஸ்களைக் கொண்டுவந்து பார்ப்பது. எதிர்ப்புப் புழுக்களிலிருந்து ஒற்றை ஜோடிகளாகக் கலந்து ஒரு சீரான வம்சத்தை உருவாக்கினார்கள், அதற்கு சிபிஆர்ஆர்1 என்று பெயர். சீரான வம்சம் இல்லாமல் செய்திருந்தால், புழு செத்ததும் பிழைத்ததும் வைரஸாலா, புழுவுக்குப் புழு இருந்த வித்தியாசத்தாலா என்று குழம்பியிருக்கும். அந்தப் புழுக்களுக்கு ஈரானிலிருந்து ஐ07, ஐ12 என்ற இரண்டு வகை, இங்கிலாந்திலிருந்து இ2, கனடாவில் விற்ற வைரோசாஃப்ட் என்ற சரக்கிலிருந்து எடுத்த எஸ் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். நான்குமே கொன்றன. எம் மட்டும் கொல்லவில்லை.

இப்போது கேள்வி கச்சிதமாகிவிட்டது: நான்கிலும் ஒரே மாதிரி இருந்து எம்மில் மட்டும் வேறாக இருப்பது எது?

இதற்குப் பதில் சொல்ல ஐந்து ஜீனோமையும் முழுதாகப் படிக்க வேண்டும், படித்ததில் மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும். பேக்குலோவைரஸில் இது கொஞ்சம் சுலபம், மரபணுவின் செய்தியை இடையில் வெட்டி ஒட்டிப் படிக்கும் வேலை பெரும்பாலும் இல்லை, டி.என்.ஏ. வட்டமாக ஒரே துண்டாக இருக்கும். இரண்டு இழையிலும் மூன்று மூன்று விதமாகப் படித்துப் பார்த்து, ஏடிஜி என்ற தொடக்கக்குறியில் தொடங்கி நிறுத்தக்குறி வரை 50 அமினோ அமிலத்துக்குக் குறையாமல் போகும் பகுதிகளை எடுப்பார்கள். பக்கத்துப் பகுதியோடு பெரிதாக ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கழிப்பார்கள். மிஞ்சியதைத் தெரிந்த வைரஸ்களின் புரதங்களோடு பிளாஸ்ட் என்ற ஒற்றுமை தேடும் கணினி நிரலில் போட்டு ஒப்பிடுவார்கள். மரபணுவுக்கு முன்னால் ஏடிஏஏஜி, ஜிடிஏஏஜி போன்ற ஐந்தெழுத்துக் குறி இருந்தால் அது தொற்றின் பிற்பகுதியில் வேலை செய்யும் மரபணுவாக இருக்கலாம் என்பது ஒரு துப்பு.

இப்படிப் பார்த்தால் பேக்குலோவைரஸ் எல்லாவற்றிலும் இருக்கும் அடிப்படை மரபணுக்கள் 38 மட்டுமே: டி.என்.ஏ.வைப் பெருக்குபவை, வைரஸுக்கே சொந்தமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் நான்கு துண்டுகள், குடல் செல்லுக்குள் நுழைய உதவுபவை, இந்த மாதிரி. மற்றவை சில குழுக்களுக்கு மட்டும் உரியவை. ஒரு பகுதிக்கு எந்த ஒற்றுமையும் கிடைக்காது, அதற்கு 'கருதப்படும் புரதம்' என்று ஒரு பட்டியலில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் ஜீனோமுக்கு ஜீனோம் அது அப்படியே காப்பி ஆகிக்கொண்டே போகிறது.

சிபிஜிவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த வைரஸின் முதல் ஜீனோம் 2001-இலேயே வந்துவிட்டது: 1,23,500 எழுத்து, 143 மரபணுப் பகுதி. அதையே அளவுகோலாக வைத்து மற்றதை ஒப்பிட்டிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அன்று படித்தது எம்1, எம்மிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்த ஒரு கிளை. பின்னால் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது, எம் உட்பட மற்ற ஐந்தும் சேர்ந்து எம்1-இலிருந்து மட்டும் விலகும் இடங்கள் பல தெரிந்தன. எம்1-ஐ அளவுகோலாக வைத்திருந்தால், அந்த இடங்கள் எல்லாம் 'நான்கு வகையிலும் மாறியிருப்பவை' என்று வந்து நின்று சந்தேகப் பட்டியலை வீங்க வைத்திருக்கும். தோட்டத்தில் அடித்த எம்மையே மறுபடி முழுதாகப் படித்தது வீண்செலவு இல்லை.

ஐந்து ஜீனோமும் 1,20,816 எழுத்திலிருந்து 1,24,269 எழுத்து வரை. சின்னது ஐ07, பெரியது ஐ12. மரபணுக்களின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றே, எதுவும் இடம் மாறவில்லை. எழுத்து மாறிய இடங்களைப் பின்னால் 2017-இல் எண்ணியபோது 788 இருந்தது, அதில் 534 ஏதாவது ஒரே ஒரு வகைக்கு மட்டும் உரியது, அதாவது வகையை அடையாளம் காட்டும் கைரேகை. இது தவிர நீளமான சேர்க்கைகள், விடுபாடுகள். இவ்வளவு வித்தியாசத்தில் எது குற்றவாளி என்று மரபணுக்களின் பெயரைப் பார்த்து ஊகித்திருந்தால், ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள்.

இங்கே அதிர்ஷ்டம் கைகொடுத்தது என்றுதான் சொல்வேன். வம்சாவளி மரம் போட்டுப் பார்த்தால் ஈரானின் ஐ12 எம்முக்குத்தான் நெருங்கிய சொந்தம், இரண்டும் மரத்தின் புதிய கிளைகள். ஐ07 மிகப் பழைய கிளை. அதாவது எதிர்ப்புப் புழுவைக் கொல்லும் வைரஸ்களில் ஒன்று, கொல்லாத வைரஸின் பக்கத்து வீடு. அப்படி ஒரு நெருங்கிய சொந்தம் பட்டியலில் இல்லாமல் தூரத்துச் சொந்தங்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால், எம்மின் கிளையில் காலப்போக்கில் சேர்ந்த எல்லா மாற்றமும் சந்தேகத்துக்குள் வந்திருக்கும். ஐ12 இருந்ததால் அவை கழிந்துபோயின. வைரஸ் ஜீனோம் ஒப்பிடும் மாணவர்கள் யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: எத்தனை ஜீனோம் சேர்த்தாய் என்பதைவிட, குணத்தில் எதிராகவும் சொந்தத்தில் பக்கமாகவும் இருக்கும் ஒரு ஜோடி உன்னிடம் இருக்கிறதா என்று பார்.

வடிகட்டி முடித்தபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று. நான்கு வகையும் சேர்ந்து எம்மிலிருந்து வேறுபடும் ஒரே இடம் பி.இ.38 என்ற மரபணுவில் இருந்தது. சிபிஜிவியின் வரிசையில் அது 24-ஆவது, எம்மில் கூடியிருந்ததும் 24 எழுத்து, தற்செயல்தான்.

அந்த 24 எழுத்து

பி.இ.38 தொற்றின் தொடக்கத்திலேயே வேலை செய்யும் மரபணு. அதன் புரதத்தில் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ரிங் விரல் என்ற பகுதியும் லூசின் ஜிப்பர் என்ற பகுதியும் உண்டு, மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்களில் பார்க்கும் ஜாடை. ஐந்து வகையின் பி.இ.38 புரதத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் மற்ற நான்கிலும் எட்டு இடம் வெற்றுக்கோடாகத் தெரியும், எம்மில் மட்டும் அங்கே எழுத்து இருக்கும். மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம், 24-ஐ 3-ஆல் வகுத்தால் 8, மீதி இல்லை. ஆகவே மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசை குலையவில்லை, பின்னால் உள்ள புரதம் அப்படியே இருக்கிறது, நடுவில் எட்டு அமினோ அமிலம் மட்டும் கூடுதல். அதுவும் புதிதாக எங்கிருந்தோ வந்த எட்டு இல்லை, பக்கத்தில் ஏற்கெனவே திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு இன்னொரு தடவை வந்திருக்கிறது. டி.என்.ஏ. பெருகும்போது இந்த மாதிரித் தொடர்துண்டுகளில் ஒன்று கூடுவதும் குறைவதும் சாதாரணம்.

இதுவரை கிடைத்தது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்தி வருவதை வைத்து முடிவுகட்டும் பழக்கம் ஜீனோம் கட்டுரைகளில் ரொம்ப உண்டு. இந்தக் குழு அங்கே நிற்கவில்லை. சிபிஜிவி-எம்மின் முழு ஜீனோமையும் பாக்டீரியாவுக்குள் வைத்துத் திருத்தக்கூடிய பேக்மிட் என்ற வடிவில் வைத்திருந்தார்கள். அதில் பி.இ.38-ஐ முழுதாக நீக்கினார்கள். வைரஸ் செத்தது: கோட்லிங் அந்துவின் செல்லிலும் தொற்றவில்லை, புழுவிலும் தொற்றவில்லை. ஆக இந்த மரபணு இல்லாமல் இந்த வைரஸால் முடியாது. அடுத்து அதே இடத்தில் எம்மின் பி.இ.38-ஐத் திரும்ப வைத்தார்கள். சாதாரணப் புழுவைக் கொன்றது, சிபிஆர்ஆர்1-ஐக் கொல்லவில்லை. பிறகு எஸ் வகையின் பி.இ.38-ஐ வைத்தார்கள். மற்ற எல்லா மரபணுவும் எம்முடையது, இது மட்டும் எஸ்ஸுடையது. அந்த வைரஸ் சிபிஆர்ஆர்1 புழுக்களை முழு வீரியத்தோடு கொன்றது. மானுவேலா கெப்ஹார்ட், யோஹன்னஸ் யேலே முதலானோரின் இந்த வேலை 2014-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, எம் பி.இ.38-ஐத் திரும்ப வைத்த அந்தச் சோதனை. எஸ்ஸை வைத்ததும் வேலை செய்தது என்று மட்டும் காட்டியிருந்தால், நீக்கி ஒட்டும் வேலையில் வேறு ஏதோ மாறிவிட்டது என்று யாராவது சொல்லியிருக்கலாம். பழையதை வைத்தால் பழைய குணம், புதியதை வைத்தால் புதிய குணம் என்று இரண்டையும் காட்டியபின் வாயடைத்துவிடும்.

புழுவின் பக்கமிருந்தும் இதற்குப் பொருத்தமான சான்று முன்பே இருந்தது. எதிர்ப்பு என்றதும் குடலில் வைரஸ் நுழைய முடியவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 2011-இல் வந்த ஆய்வில், குடலைத் தாண்டி நேராக உடல் குழிக்குள் வைரஸை ஊசியால் செலுத்தியும் எதிர்ப்புப் புழுவில் அது பெருகவில்லை. உள்ளே போகிறது, ஆனால் பெருகும் வேலை தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது, எல்லாத் திசுவிலும். தொடக்க மரபணு ஒன்றை மையமாக வைத்து நடக்கும் தடைதான் என்று பி.இ.38 வந்தபின் இரண்டும் சேர்ந்துகொண்டது.

பெயர் ஒன்று, வேலை ஒன்றா?

இந்த மரபணுவுக்கு பி.இ.38 என்று பெயர் வந்தது சிபிஜிவியால் இல்லை. ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா என்ற அந்துவின் என்.பி.வி.யில் முதலில் தெரிந்த மரபணு, அந்த வைரஸின் ஜீனோம்தான் பேக்குலோவைரஸ்களில் முதலில் முழுதாகப் படிக்கப்பட்டது, 1994-இல், 1,33,894 எழுத்து. ஒற்றுமையை வைத்து அந்தப் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த வைரஸில் பி.இ.38-ஐ நீக்கினால் பெருகுவது தாமதமாகும், வைரஸ் உற்பத்தி வெகுவாகக் குறையும், இருந்தாலும் வைரஸ் பிழைத்துக்கொள்ளும். சிபிஜிவியில் நீக்கினால் ஒன்றுமே இல்லை. பிளாஸ்ட் கொடுத்த பெயரை நம்பி, அங்கே அவசியமில்லாதது இங்கேயும் அவசியமில்லாதது என்று யாராவது முடிவு செய்திருந்தால் இந்த மரபணு பட்டியலில் கீழே போயிருக்கும்.

எதிர்த் திசையிலும் இதே வைரஸில் ஒரு பழைய கதை உண்டு. தொற்றிய செல் தன்னைத்தானே அழித்துக்கொண்டால் வைரஸ் பரவ முடியாது, அதைத் தடுக்க ஆட்டோகிராஃபா வைரஸிடம் பி35 என்ற மரபணு இருக்கிறது. அது கெட்டுப்போன வைரஸுக்கு வேறு வைரஸ் ஏதாவது கைகொடுக்குமா என்று சிபிஜிவியின் டி.என்.ஏ. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு துண்டு கைகொடுத்தது. 1993-இல் வந்த அந்த மரபணுதான் செல் தன்னை அழித்துக்கொள்வதைத் தடுக்கும் ஐ.ஏ.பி. என்ற வகையில் முதலாவது, பி35-க்கும் அதற்கும் வடிவத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை, வேலை மட்டும் ஒன்று. அதற்கு ஒத்த மரபணுக்கள் பின்னால் மனிதனிடமும் கிடைத்தன. பெயரை வைத்துத் தேடியிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

சரி, தோட்டத்தில் என்ன ஆனது? கடையில் புதிய வகைகளைக் கொண்ட சரக்குகள் வந்தன. பிரான்சில் ஒரு குழு, கலப்பு வைரஸ் ஒன்றை எதிர்ப்புப் புழுக்களிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஆர்5 என்ற வகையை எடுத்தது. முதல் வகை எதிர்ப்புக்கு இவை பதில் சொல்லின. ஆனால் 2017-இல், ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா தோட்டம் ஒன்றிலிருந்து வந்த புழுக்களில் இரண்டாவது வகை எதிர்ப்பு விவரிக்கப்பட்டது. அது இசட்டில் இல்லை, சாதாரணக் குரோமோசோமில் இருக்கிறது, எம்மோடு நிற்காமல் ஜீனோம் ஒற்றுமையை வைத்துப் பிரித்த வேறு குழுக்களின் வைரஸ்களையும் தடுக்கிறது, எஸ்ஸையும் சேர்த்து. அதே ஆண்டில் இசட்டும் சாதாரணக் குரோமோசோமும் கலந்து வரும் மூன்றாவது வகையும் பதிவானது. அந்த 24 எழுத்து இல்லாத எஸ்ஸையும் இரண்டாவது வகைப் புழு தாங்கிக்கொள்கிறது என்றால், அங்கே குறி வேறு எங்கோ இருக்கிறது. முதல் வகைக்குக் கேட்ட அதே கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டும், இந்தத் தடவை கொல்லும் வகை எது, கொல்லாத வகை எது என்று பிரிக்கும் அணி வேறு. ஒரு தோட்டத்துப் புழுவை எடுத்து எந்த வகை எதிர்ப்பு என்று பார்க்காமல் புதிய சரக்கை வாங்கி அடிப்பதில் அர்த்தமில்லை. டப்பாவுக்குள் உண்மையில் எந்த வகைகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதைப் பார்க்க அந்த 534 கைரேகை இடங்கள் இப்போது கையில் இருக்கின்றன.